சீசன் முடியும் நேரத்து அணித் தரவரிசை: சிமுலேஷன் ஹாக்கி லீகில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஆடும் சிமுலேஷன் ஐஸ் ஹாக்கி லீகில் ஞாயிறுதோறும் 32 அணிகளையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதுவது என் பொறுப்பு. சீசன் தொடக்கத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 82 ஆட்டங்களில் அறுபது முடிந்து, பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் சுற்று) இடங்களுக்கு இழுபறி வந்ததும் கேள்விகள் குவிந்துவிடும். "எங்களை ஏன் கீழே தள்ளினீர்கள்" என்பதில் தொடங்கி "கடைசி இடத்துக்கு எதற்கு இவ்வளவு எழுதுகிறீர்கள்" என்பது வரை வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதியதைத்தான் இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

இது வழக்கமான ஃபேன்டஸி ஹாக்கிதானா?

இல்லை. ஃபேன்டஸியில் நீங்கள் வீரர்களைத் தேர்ந்தெடுப்பீர்கள். அவர்கள் இன்றிரவு நிஜ ஐஸில் அடிக்கும் கோல் உங்கள் கணக்கில் ஏறும். நம் லீகில் ஆட்டத்தை ஆடுவது மென்பொருள். வட அமெரிக்காவின் நிஜ ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லின் 32 அணிகளுக்கும் நம்மில் அணிக்கொரு மேனேஜர். வீரர்கள் நிஜமானவர்கள். ஸ்கேட்டிங், பாஸ், பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை) கையாளும் திறன், கோல் அடிப்பது, தடுப்பாட்டம், உடல் வலு, ஒழுங்கு, ஃபேஸ்ஆஃப் (ஆட்டம் தொடங்கும்போது பக்கைக் கைப்பற்றுவது) என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்களைப் போன சீசனின் நிஜப் பதிவுகளிலிருந்து கணக்கிட்டு, சீசன் முழுக்க அப்படியே வைத்திருப்போம். சைமன்டி ஹாக்கி சிமுலேட்டர், சுருக்கமாக எஸ்டிஹெச்எஸ், இப்படியான லீக்குகளில் பலரும் பயன்படுத்தும் மென்பொருள்.

மேனேஜர் செய்ய வேண்டியது லைன், அதாவது யார் யாரோடு சேர்ந்து ஆடுவது என்ற பட்டியல், அனுப்புவது. நான்கு ஃபார்வர்டு லைன், மூன்று டிஃபென்ஸ் ஜோடி, பவர் பிளே (எதிரணி பெனால்டியால் ஆள் குறைந்திருக்கும் நேரம்), பெனால்டி கில் (நமக்கு ஆள் குறைந்திருக்கும் நேரம்), கோலில் யார் நிற்பது, யாருக்கு எவ்வளவு நேரம். லீகை நடத்தும் கமிஷனர் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு நாள் ஆட்டங்கள் முழுவதும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு நாம் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம்: யார் பாஸ் கொடுத்தார், யார் தடுத்தார், மூன்றாவது பீரியடில் எத்தனையாவது நிமிடம் கோல் விழுந்தது. இப்படிப் படிப்பதில் என்ன சுவை என்று கேட்பவர்கள் ஒரு மாதம் ஒரு அணியை வைத்திருந்து பார்க்க வேண்டும். 2-2 என்று இருக்கும்போது அடுத்த வரிக்குப் போகக் கை வராது.

புள்ளிப் பட்டியல்தான் இருக்கிறதே, தனியாகத் தரவரிசை எதற்கு?

புள்ளிப் பட்டியல் நடந்து முடிந்ததைச் சொல்லும். நாளைக்கு இந்த இரண்டு அணிகளும் பொதுவான ஓர் அரங்கில் மோதினால் யார் வெல்ல வாய்ப்பு அதிகம் என்பதைத் தரவரிசை சொல்ல வேண்டும். சீசன் முடியும்போது இந்த இரண்டும் வெகுதூரம் விலகி நிற்கும்.

விலகலுக்கு ஒரு காரணம் புள்ளி கொடுக்கும் முறையிலேயே இருக்கிறது. வென்றால் 2, ஓவர்டைமிலோ (சமநிலையில் முடிந்தால் தரும் கூடுதல் நேரம்) ஷூட்அவுட்டிலோ (அதிலும் முடியாவிட்டால் ஒருவர் பின் ஒருவராகக் கோல்கீப்பரை எதிர்கொள்வது) தோற்றாலும் 1. ஓவர்டைமில் தோற்ற அணிக்கு ஒரு புள்ளி என்பது என்ஹெச்எல்லில் 1999-2000 சீசனில் வந்தது. ஷூட்அவுட் 2005-06-இல் வந்தது. ஆகவே அறுபது நிமிடத்தில் முடியும் ஆட்டம் இரண்டு புள்ளியைப் பங்கிடுகிறது. இழுத்துக்கொண்டு போகும் ஆட்டம் மூன்று புள்ளியை. எல்லா ஆட்டத்தையும் சமநிலையில் இழுத்துச் செல்லும் நடுத்தர அணி பட்டியலில் வலுவானதாகத் தெரியும்.

இன்னொரு காரணம் அதிர்ஷ்டம். 2011-12-இல் மினசோட்டா வைல்டு முதல் 30 ஆட்டங்களில் 20-ஐ வென்று 43 புள்ளியோடு, டிசம்பர் நடுவில், மொத்த என்ஹெச்எல்லிலும் முதலிடத்தில் இருந்தது. ஆனால் அந்த வெற்றிகளிலேயே எதிரணிதான் கோலை நோக்கி அதிக ஷாட் அடித்துக்கொண்டிருந்தது. மீதி 52 ஆட்டங்களில் அவர்கள் வென்றது 15 மட்டுமே. 81 புள்ளியோடு பிளேஆஃபுக்கு வெளியே முடித்தார்கள். டிசம்பரில் புள்ளிப் பட்டியலைப் பார்த்தவருக்கு முதலிடம் தெரிந்தது. ஷாட் கணக்கைப் பார்த்தவருக்கு வரப்போகும் சரிவு தெரிந்தது.

சரி, எதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறீர்கள்?

முதலில் கோல் வித்தியாசம். ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு நெட் ரன் ரேட் பழக்கம். அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே அது சம புள்ளியைப் பிரிக்கும் கருவி மட்டும் இல்லை. ஒரு அணியின் உண்மையான பலத்தை வெற்றி எண்ணிக்கையைவிட நன்றாகக் காட்டுவது அதுதான். பேஸ்பாலுக்கு பில் ஜேம்ஸ் என்ற புள்ளிவிவர ஆய்வாளர் ஒரு சூத்திரம் கொடுத்தார்: அடித்ததன் வர்க்கத்தை, அடித்ததன் வர்க்கமும் வாங்கியதன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அந்த அணி வென்றிருக்க வேண்டிய விகிதம் வரும். ஹாக்கிக்கும் இது ஓரளவு நன்றாகவே பொருந்துகிறது. 2022-23-இல் பாஸ்டன் புரூயின்ஸ் 305 கோல் அடித்து 177 வாங்கியது. சூத்திரம் 61 வெற்றி என்கிறது, நிஜத்தில் 65. அதே சீசனில் ஃபுளோரிடா பாந்தர்ஸ் 290 அடித்து 273 வாங்கியது. சூத்திரம் 43 அல்லது 44 என்கிறது, நிஜத்தில் 42.

நம் லீகில் இதை எப்படிப் பார்க்கிறேன் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் அணி 66 ஆட்டம் முடித்திருக்கிறது: 39 வெற்றி, 21 தோல்வி, ஓவர்டைமில் 6 தோல்வி. 84 புள்ளி. பட்டியலில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் இடம். அடித்த கோல் 201, வாங்கியது 205. வாங்கியது அதிகம்! சூத்திரப்படி 32 வெற்றிதான் வர வேண்டும். ஏழு வெற்றி கூடுதலாக எங்கிருந்து வந்தது? ஒரு கோல் வித்தியாசத்து ஆட்டங்களைத் தனியே எடுத்துப் பார்ப்பேன். ஐந்து கோலில் தோற்று, ஒரு கோலில் வென்று, ஷூட்அவுட்டில் தப்பித்து வந்திருந்தால் விடை கிடைத்துவிடும். ஷூட்அவுட்டில் வென்ற அணிக்குப் பதிவில் ஒரு கோல் கூடுதலாக எழுதப்படும். வரிசை போடும்போது அந்தக் கோலைக் கழித்துவிடுவது என் வழக்கம்.

அடுத்தது ஷாட். அதே அணி ஓர் ஆட்டத்துக்கு 28 ஷாட் அடித்து 32 வாங்குகிறது என்றால், ஐஸின் தப்பான பக்கத்தில் அதிக நேரம் இருக்கிறது என்று பொருள். கோல் கம்பத்தைத் தாண்டிப் போனது, நடுவில் தடுக்கப்பட்டது எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும் முறைக்கு கோர்சி என்று பெயர். பஃபலோ சேபர்ஸ் அணியில் கோல்கீப்பர் பயிற்சியாளராக இருந்த ஜிம் கோர்சியின் பெயர் அது.

மூன்றாவது, பிடிஓ. பெயர் பயமுறுத்தினாலும் சங்கதி எளிது. உங்கள் ஷாட்டில் எத்தனை சதவீதம் கோலாகிறது, உங்கள் கோல்கீப்பர் எத்தனை சதவீதம் தடுக்கிறார், இரண்டையும் கூட்டுங்கள். ஒருவர் அடித்த கோல் இன்னொருவர் விட்ட கோல் என்பதால் லீக் முழுக்கச் சேர்த்தால் 100 வரும். நம் கற்பனை அணி 1,848 ஷாட்டில் 201 கோல்: 10.9 சதவீதம். வாங்கிய 2,112 ஷாட்டில் 205 கோல், ஆகவே தடுத்தது 90.3. கூட்டினால் 101.2. நூறுக்கு மேலே தூக்கலாக இருப்பவர்கள் பெரும்பாலும் கீழே வருவார்கள். இங்கே நிஜ ஹாக்கிக்கும் சிமுலேஷனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நிஜத்தில் ஒரு கோல்கீப்பர் நல்லவரா, நல்ல நேரத்தில் இருக்கிறாரா என்று சொல்வது கடினம். நமக்கு அவருடைய எண் கண்ணெதிரே இருக்கிறது. லீகின் முதல் மூன்று கோல்கீப்பர்களில் ஒருவரை வைத்திருக்கும் அணி 101-இல் நின்றால் நியாயம் என்று விட்டுவிடுவேன். இருபதாவது கோல்கீப்பரை வைத்துக்கொண்டு 101-இல் நின்றால் வரிசையில் இறக்கிவிடுவேன். அதைக் கோபத்தால் செய்ததாக நினைக்காதீர்கள்.

கடைசி பத்தில் ஏழு வென்றோம். இன்னும் ஏன் ஏற்றவில்லை?

அதிகம் வரும் கேள்வி இதுதான். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழோ அதற்கு மேலோ தலை விழ எவ்வளவு வாய்ப்பு? 1,024-இல் 176. சுமார் 17 சதவீதம். 32 நாணயங்களை வைத்துச் சுண்டினால் எந்த நேரத்திலும் ஐந்தாறு நாணயங்கள் "ஃபார்மில்" இருக்கும். நாணயத்துக்கு ஃபார்ம் ஏது?

முழு சீசனுக்கும் இதே கதைதான். சரிசமமான பலமுள்ள அணிகளை 82 ஆட்டம் ஆடவிட்டால், வெறும் தற்செயலால் நான்கைந்து வெற்றி கூடவோ குறையவோ வருவது மிகச் சாதாரணம். அது எட்டு, பத்துப் புள்ளி. பிளேஆஃபுக்குள் இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் நடுவே பல சமயம் அவ்வளவு தூரம்கூட இருக்காது.

அதனால் பத்து ஆட்டத்து முடிவை நான் பார்ப்பதில்லை என்று நினைக்க வேண்டாம். அந்தப் பத்தில் ஷாட் கணக்கு மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன். முன்பு 28-32 ஆக இருந்தது இப்போது 33-27 ஆகியிருந்தால், நீங்கள் நாலில்தான் வென்றிருந்தாலும் ஏற்றிவிடுவேன். அப்போது மட்டும் யாரும் எனக்கு எழுதிக் கேட்டதில்லை.

டெட்லைனில் (அணிகள் வீரர்களை டிரேடு, அதாவது பரிமாற்றம், செய்ய முடிகிற கடைசி நாளில்) மூன்று பேரை வாங்கினேன். அதற்கு மதிப்பு உண்டா?

நிச்சயம் உண்டு, அதிலும் சிமுலேஷனில் கூடுதலாகவே உண்டு. எண்கள் மாறாமல் இருப்பதால், டிரேடுக்கு முந்தைய உங்கள் 60 ஆட்டங்களை ஆடியது வேறு ஓர் அணி. டெட்லைன் முடிந்த வாரம் நான் பழைய முடிவுகளின் எடையைக் குறைத்து, இப்போது உங்களிடம் இருக்கும் லைன்களின் எண்களுக்குக் கூடுதல் எடை கொடுப்பேன். இரண்டாவது சென்டரின் தரம் உயர்ந்தால் அவரோடு ஆடும் இரண்டு விங்கர்களுக்கும் பலன், பவர் பிளேயின் இரண்டாம் பிரிவுக்கும் பலன். நான்காவது லைனுக்கு ஓர் அடிதடி ஆளை வாங்கியவருக்கு இடம் மாறாது.

ஒரே ஓர் இடம் மாறினால் எல்லாமே மாறும் என்றால் அது கோல்கீப்பர்தான். 2019 ஜனவரி 3-ஆம் தேதி காலை செயின்ட் லூயி புளூஸ் 34 புள்ளியோடு மொத்த லீகிலும் கடைசி இடத்தில் இருந்தது. நவம்பரிலேயே பயிற்சியாளர் மாறி, கிரெய்க் பெரூபே பொறுப்பில் இருந்தார். ஜனவரி 7 அன்று ஜோர்டன் பினிங்டன் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்தே கோலில் நின்றார். பிலடெல்பியாவுக்கு எதிராக 3-0. அங்கிருந்து எழுந்து 99 புள்ளியில் சீசனை முடித்து, ஜூன் 12 அன்று பாஸ்டனில் ஏழாவது ஆட்டத்தை 4-1 என்று வென்று, என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்கள். ஜனவரி முதல் வாரத்தில் வரிசை போட்ட எவரும் அவர்களை 25-க்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். அதற்காக வரிசை போட்டவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் பிப்ரவரியில் பழைய 37 ஆட்டங்களையே பிடித்துக்கொண்டு கீழே வைத்திருந்தால் அது தவறு.

மீதி ஆட்டங்கள் எளிதா கடினமா என்று பார்ப்பீர்களா?

வரிசைக்குப் பார்ப்பதில்லை; பிளேஆஃப் வாய்ப்பைச் சொல்லும்போது பார்ப்பேன். கடினமான எதிரிகள் மீதி இருப்பதால் ஓர் அணி பலவீனமாகிவிடாது. ஆனால் ஏற்கெனவே ஆடிய எதிரிகள் யார் என்பது வரிசையிலேயே சேரும். கைவசம் கூடுதலாக இரண்டு ஆட்டம் இருக்கிறது என்று மகிழ்பவர்கள், அவை அடுத்தடுத்த நாளில் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கோல்கீப்பரை இரண்டு நாளும் நிறுத்தினால் திறன் எண் மாறாவிட்டாலும் அவருடைய களைப்பு எண்ணில் அது தெரியும்.

சம புள்ளியில் முடித்தால்?

என்ஹெச்எல் முறையையே பின்பற்றுகிறோம். முதலில் ஒழுங்கு நேரமான அறுபது நிமிடத்துக்குள் வென்ற ஆட்டங்கள். அதிலும் சமம் என்றால் ஓவர்டைம் வெற்றிகளையும் சேர்த்து, ஷூட்அவுட்டை மட்டும் விட்டு எண்ணுவோம். பிறகு மொத்த வெற்றி, நேருக்கு நேர் எடுத்த புள்ளி, கோல் வித்தியாசம் என்று போகும். ஷூட்அவுட்டை நம்பி வந்தவர்களுக்கு இந்த இடத்தில் கை நழுவும்.

மீதி ஆட்டங்களை ஆயிரம் முறை சிமுலேட் செய்து பார்த்தால் போதாதா? நீங்கள் எதற்கு?

நல்ல கேள்வி. கமிஷனரிடம் லீக் கோப்பு இருக்கிறது. நகல் எடுத்து ஓட்டிப் பார்க்க முடியும்தான். எங்கள் லீகில் அதை வேண்டாம் என்று முடிவு செய்தோம், அந்த முடிவுக்கு நானும் கை தூக்கினேன். முதல் காரணம் நியாயம்: ஒருவருக்கு மட்டும் அந்தப் பதில் தெரிந்தால் அவர் செய்யும் டிரேடு எல்லாம் சந்தேகத்துக்கு இடமாகும். இரண்டாவது, நகலில் ஓடுவது இன்றைய லைன். நாளைக்கு நீங்கள் கோல்கீப்பரை மாற்றுவீர்கள், முதல் டிஃபென்ஸ் ஜோடி காயப்படும், ஒரு மேனேஜர் ஊருக்குப் போய்விடுவார். இது எதுவும் அந்த ஆயிரத்தில் இல்லை.

நானே ஒரு விரிதாளில் சிறிய அளவில் செய்து பார்ப்பதுண்டு: ஒவ்வோர் அணிக்கும் அதன் பலத்தைக் காட்டும் ஓர் எண், மீதி ஆட்டங்கள், நாணயம் சுண்டுவது போல முடிவு. அதன் விடையை வரிசையோடு ஒட்டிப் பார்த்து, எங்கே அதிகமாக முரண்படுகிறதோ அங்கே திரும்பப் போய் ஆட்ட விவரங்களைப் படிப்பேன். பாதி நேரம் நான்தான் தவறு செய்திருப்பேன்.

முதலிடம் கொடுத்த அணி முதல் சுற்றிலேயே வெளியேறினால் உங்கள் தரவரிசை தோற்றது என்றுதானே அர்த்தம்?

ஒவ்வோர் ஆட்டத்திலும் 60 சதவீதம் வெல்லும் வாய்ப்புள்ள அணி என்றால் அது பெரிய அணி. அப்படிப்பட்ட அணி ஏழு ஆட்டத் தொடர் ஒன்றை வெல்லும் வாய்ப்பு 71 சதவீதம். கோப்பைக்குத் தேவையான நான்கு தொடரையும் வரிசையாக வெல்ல? 25 சதவீதம். லீகிலேயே சிறந்த அணி நாலு வருடத்தில் மூன்று வருடம் கோப்பை இல்லாமல் வீட்டுக்குப் போகும்.

2018-19-இல் டாம்பா பே லைட்னிங் 62 ஆட்டம் வென்று 128 புள்ளி எடுத்தது. முதல் சுற்றில் கொலம்பஸிடம் நான்குக்கு நான்கும் தோற்றது. 2012-இல் மேற்குப் பிரிவில் எட்டாவதாக உள்ளே வந்த லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் கோப்பையை வென்றது. பாஸ்டன் 2022-23-இல் 65 வெற்றி, 135 புள்ளி என்று இரண்டிலும் சாதனை படைத்துவிட்டு, முதல் சுற்றில் ஃபுளோரிடாவுக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்து, ஏழாவது ஆட்டத்தை ஓவர்டைமில் 4-3 என்று விட்டது. இந்த மூன்றில் நான் தவறு என்று ஏற்பது கிங்ஸை மட்டும்தான். அவர்களுடைய ஷாட் கணக்கு எட்டாம் இடத்தைவிட எவ்வளவோ மேலே இருந்தது. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது அப்போதே தெரிந்திருந்தது.

முப்பத்திரண்டாம் இடத்துக்கு ஏன் முதலிடத்தைவிட நீளமாக எழுதுகிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு மனதாரப் பதில் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம்.

2023 ஏப்ரல் 11. சீசன் முடிய மூன்று நாள். பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் 16 சீசன் தொடர்ந்து பிளேஆஃப் கண்ட அணி. பிளேஆஃபின் கடைசி இடத்துக்காக ஃபுளோரிடாவோடும் நியூயார்க் ஐலண்டர்ஸோடும் இழுபறி. சொந்த அரங்கில் ஆட்டம்; எதிரே சிகாகோ பிளாக்ஹாக்ஸ். சிகாகோ லீகின் அடிமட்டத்தில் இருந்தது. பெரிய வீரர்கள் பலரை விற்றுவிட்டிருந்தது. தோற்றால் டிராஃப்ட் லாட்டரியில் (புதிய இளம் வீரர்களை எந்த அணி முதலில் தேர்ந்தெடுப்பது என்பதற்கான குலுக்கலில்) அந்த வருடத்தின் முதல் தேர்வாக எதிர்பார்க்கப்பட்ட கானர் பெடார்டைப் பெறும் வாய்ப்பு கூடும் என்று ஊரே அறிந்திருந்தது. அந்த அணி 5-2 என்று வென்றது. பிட்ஸ்பர்க் 91 புள்ளியில் முடித்து வெளியே நின்றது. ஃபுளோரிடா 92-இல் உள்ளே வந்தது. உள்ளே வந்த ஃபுளோரிடாதான் பாஸ்டனை வீழ்த்தி, இறுதிப் போட்டி வரை போனது. அந்த வருடத்து பிளேஆஃபின் போக்கையே மாற்றியதில், 59 புள்ளி எடுத்த ஓர் அணியின் ஓர் இரவு ஆட்டத்துக்கு அவ்வளவு பங்கு.

இப்போது நம் லீகுக்கு வாருங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு சீசனில் டெட்லைன் முடிந்த கையோடு நான்கு மேனேஜர்கள் வருவதை நிறுத்தினார்கள். அவர்களுடைய அணிகள் பழைய லைனிலேயே ஓடின. ஓர் அணியில் அதே கோல்கீப்பர் பதினாறு ஆட்டம் தொடர்ந்து நின்றார். இரவில் ஆட்ட விவரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்: ஆறாவது கோல், ஏழாவது கோல், மாற்றுக் கோல்கீப்பரின் பெயரே வரவில்லை. அவர்களை எதிர்கொள்ளும் அதிர்ஷ்டம் அட்டவணையில் வாய்த்தவர்களுக்குச் சும்மா புள்ளி கிடைத்தது. வாய்க்காதவர்கள் ஒரு புள்ளியில் வெளியேறினார்கள். அந்தக் கோடையில் ஏழு பேர் லீகை விட்டுப் போனார்கள். அதில் மூவர் அந்த ஒரு புள்ளியில் தோற்றவர்கள்.

அந்த நான்கு பேரைப் பற்றி நான் அந்த சீசனில் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். "மாற்றமில்லை" என்று வாராவாரம் ஒரே சொல். ஐந்து மாதம் தினமும் லைன் அனுப்பிய ஒருவருக்கு நான் கொடுத்தது அந்த ஒரு சொல். அன்றிலிருந்து கீழே இருக்கும் பத்து அணிகளுக்கும் முழுதாக எழுதுகிறேன்: மூன்றாவது ஜோடியில் ஆடும் இளைஞரின் எண் அடுத்த சீசனில் எங்கே போகக்கூடும், எந்த லைன் திடீரென்று வேலை செய்கிறது, பிளேஆஃபுக்குத் துடிக்கும் எந்தெந்த அணியோடு இவர்களுக்கு இன்னும் ஆட்டம் மீதி இருக்கிறது என்பது உட்பட. எழுதுவதற்கு ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

வேண்டுமென்றே தோற்றால் நல்ல டிராஃப்ட் இடம் கிடைக்குமே?

முதலில் கணக்கு. நாங்கள் பின்பற்றும் என்ஹெச்எல் லாட்டரியில் பிளேஆஃபுக்கு வராத 16 அணிகள். கடைசி அணிக்கு முதல் குலுக்கலில் 18.5 சதவீதம். பத்து இடத்துக்கு மேல் யாரும் ஏற முடியாது என்ற விதி 2022-இல் வந்தது. அதனால் அந்த 16-இல் அதிகப் புள்ளி எடுத்த ஐந்து அணிகளில் ஒன்று குலுக்கலை வென்றாலும் முதல் இடம் கடைசி அணியிடமே இருக்கும். அந்த ஐந்துக்கும் சேர்த்து உள்ள 7 சதவீதத்தையும் கூட்டினால் 25.5. நாலில் மூன்று முறை நீங்கள் முதல் இடம் இல்லாமல் திரும்புவீர்கள். அந்த 2023-இல் கடைசியாக முடித்த அனாஹெய்மின் கையில் பெடார்ட் வரவில்லை. பிட்ஸ்பர்க்கை வென்ற அதே சிகாகோ, மூன்றாவது சிறந்த வாய்ப்பான 11.5 சதவீதத்தோடு லாட்டரியை வென்றது.

தரவரிசையில் நான் என்ன செய்வேன் என்றால், நல்ல கோல்கீப்பர் உட்கார்ந்திருக்க இரண்டாமவர் தொடர்ந்து நின்றால் அந்த வாரக் குறிப்பில் அதை அப்படியே எழுதுவேன். இளையவர்களுக்கு நேரம் கொடுப்பது வேறு. அதை நான் பாராட்டியே எழுதுவேன்.

சீசன் முடியும் நேரத்தில் ஓர் அணியை எடுத்திருக்கிறேன். இருபத்தெட்டாம் இடம். பத்து ஆட்டம்தான் மீதி. என்ன செய்யட்டும்?

வருக. முதலில் களைப்பு எண்களைப் பாருங்கள். உங்களுக்கு முன்பிருந்தவர் வரவில்லை என்றால் முதல் ஜோடி டிஃபென்ஸும் கோல்கீப்பரும் தேய்ந்து போயிருப்பார்கள். மாற்றுக் கோல்கீப்பரை ஓர் ஆட்டத்துக்கு நிறுத்துங்கள். தோற்றாலும் பரவாயில்லை, அடுத்ததில் பலன் தெரியும். முதல் லைனுக்கு இருக்கும் நேரத்தில் கொஞ்சம் குறைத்து மூன்றாவது லைனுக்குக் கொடுத்துப் பாருங்கள். பெனால்டி கில்லில் ஒழுங்கு எண் குறைந்தவர் யாராவது இருந்தால் எடுத்துவிடுங்கள். அவரே இன்னொரு பெனால்டி வாங்குவார்.

பிறகு உங்கள் அட்டவணையை எடுத்து, மீதிப் பத்து எதிரிகளில் பிளேஆஃப் கோட்டுக்கு இரண்டு புள்ளி மேலும் கீழும் இருப்பவர்கள் யார் என்று வட்டமிடுங்கள். மூன்று பேராவது இருப்பார்கள். அந்த மூன்று ஆட்டங்களுக்கு உங்கள் முதல் கோல்கீப்பரை ஓய்வோடு வைத்திருங்கள். சனிக்கிழமை இரவு ஆட்டம் ஓடியதும் ஞாயிறு காலை நான் வரிசை எழுத உட்காருவேன். உங்கள் லைனில் என்ன மாற்றினீர்கள் என்று எனக்கு ஒரு வரி அனுப்பி வையுங்கள். இருபத்தெட்டாம் இடத்துக்கு எதிரே அதையும் சேர்த்து எழுதுகிறேன்.